நூறு பக்க ரிப்போர்ட், அரைப் பக்க ஆட்டம்

இந்த முறை என் மேசைக்கு வந்த கேம் டிசைன் டாக்குமென்ட்களில் மிகப் பருமனானது நூறு பக்கத்தைத் தாண்டியிருந்தது. அட்டையில் பொன்னிற எழுத்து. உள்ளே கல்லூரிச் சான்றிதழ், கைடு கையெழுத்து, நன்றியுரை. நன்றியுரையில் தாளாளர், செயலாளர், முதல்வர், துறைத்தலைவர், லேப் அசிஸ்டென்ட், பெற்றோர், நண்பர்கள் என ஒருவரும் விடுபடவில்லை. அதற்குப் பின் வீடியோ கேம்களின் வரலாறு, யூனிட்டி மென்பொருளின் அருமை பெருமைகள், கணினிக்கு எவ்வளவு ரேம் வேண்டும் என்று ஓர் அட்டவணை. விளையாட்டின் விதிகளுக்குக் கிடைத்த இடம் அரைப் பக்கம். அதிலும் உருப்படியான வாக்கியம் ஒன்றுதான்: ஆட்டக்காரர் எதிரிகளை அழித்து அடுத்த லெவலுக்குச் செல்வார்.

எத்தனை அடி அடித்தால் எதிரி சாவான்? திருப்பி அடிப்பானா, ஓடிப்போவானா? நான் யாரையும் அடிக்காமல் ஓரமாக நழுவிப் போய்விட்டால் அடுத்த லெவல் திறக்குமா, திறக்காதா? ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனாலும் அந்த ரிப்போர்ட்டுக்கு நல்ல மதிப்பெண் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? மதிப்பீட்டுத் தாளில் பக்க அமைப்புக்குக் கட்டம் இருக்கிறது, வரி இடைவெளிக்கு இருக்கிறது, காப்பியடித்த சதவீதத்துக்கும் இருக்கிறது. இதைப் படித்தால் ஆட்டம் புரிகிறதா என்பதற்குக் கட்டம் கிடையாது.

நான் பெங்களூருவில் மொபைல் கேம் தயாரிக்கும் நிறுவனமொன்றில் லெவல் டிசைனராக இருந்துவிட்டு, இப்போது கொங்குப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கேம் டிசைன் பாடம் எடுப்பவள். (கேம் டிசைன் என்றால் ரம்மியா என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டதும், "உங்க டிபார்ட்மென்ட்ட மூடிட்டாங்களா கண்ணு?" என்று பெரியப்பா அக்கறையோடு போன் செய்தார்.) கடைசி ஆண்டில் ஐந்தைந்து பேராகக் குழு பிரித்து, ஒரு கேமைத் திட்டமிட்டு, டாக்குமென்ட் எழுதி, முடிந்த அளவு செய்து காட்டுவதுதான் எங்கள் ப்ராஜெக்ட். பல கல்லூரிகளில் இன்று இது இருக்கிறது. இருப்பது நல்லது. அதை நடத்தும் விதத்தில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

சினிமாவுக்குத் திரைக்கதை எப்படியோ அப்படித்தான் கேமுக்கு டிசைன் டாக்குமென்ட் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனால் சினிமாவில் எழுதியவர் நில் என்ற இடத்தில் கதாநாயகன் நிற்பான். கேமில் அவன் முகம் தெரியாத ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் கையில் இருக்கிறான். கதவைத் திறக்கச் சொன்னால் கதவுமேல் ஏறப் பார்ப்பான். வில்லன் உருக்கமாகப் பேசும்போது பக்கத்தில் தொம் தொம்மென்று குதித்துக்கொண்டிருப்பான். அவன் செய்யக்கூடிய ஒவ்வொன்றுக்கும் கேம் என்ன பதில் சொல்லும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் டிசைன் டாக்குமென்ட்.

குதிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்பேஸ் பாரை அழுத்தினால் குதிக்கும்' என்று மாணவர்கள் எழுதுவார்கள். லேசாகத் தட்டினாலும் அழுத்திப் பிடித்தாலும் ஒரே உயரமா? அந்தரத்தில் திசை மாற்றலாமா? விளிம்பைத் தாண்டிக் கால் விலகிய பிறகு அழுத்தினால்? மலையேறும் பெண்ணைப் பற்றி 2018-ல் வந்த 'செலஸ்ட்' கேமில், பாறை விளிம்பை விட்டுக் கால் நழுவிய பின்னும் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் குதிக்க அனுமதி உண்டு. ஆட்டக்காரருக்குத் தெரியாமல் கொடுக்கும் சலுகை அது. இல்லாவிட்டால் "சரியாத்தானே அமுக்குனேன்" என்று கையிலிருப்பதைத் தூக்கி எறிவார். ஒரு குதிப்புக்குப் பின்னால் இத்தனை முடிவுகள் இருக்கின்றன. ஐந்து பேர் சேர்ந்து வேலை செய்யும்போது இவற்றை யார் எடுப்பது, எப்போது எடுப்பது?

பெரும்பாலும் வைவா அறையில் எடுக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு குழுவிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"உங்க கேம்ல ஆட்டக்காரர் தோத்துட்டா என்னப்பா ஆகும்?"

"ரீஸ்டார்ட் ஆகும் மேம்."

"எங்கிருந்து?"

"ஃபர்ஸ்ட்ல இருந்து" என்றான் கோடிங் செய்தவன். "இல்ல மேம், செக்பாயின்ட்ல இருந்து" என்றாள் படம் வரைந்தவள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "செக்பாயின்ட்டா? நான் எதுவும் வைக்கலயே."

"கொடி வரஞ்சு குடுத்தேன்ல?"

"அது டெக்கரேஷன்னு நெனச்சேன்."

கொடி கேமில் இருக்கத்தான் செய்தது. மூன்று இடங்களில் நட்டிருந்தார்கள், காற்றில் அழகாக அசைந்தது. தொட்டால் ஒன்றும் ஆகவில்லை. அரையாண்டு ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள், ஒரே ரிப்போர்ட்டில் ஐந்து கையெழுத்துப் போட்டவர்கள், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால்தான் அந்தக் கொடியைப் பற்றி முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள்.

என் கட்சி இதுதான். மாணவர் குழு எழுதும் டாக்குமென்ட் ஊருக்கு விளக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்ய வேண்டும்: ஐந்து மண்டைக்குள் ஐந்து வேறு கேம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று காட்டிக்கொடுக்க வேண்டும். அந்தச் சண்டை ஏப்ரலில் வைவாவில் வெடிப்பதைவிட ஜனவரியில் கேன்டீனில் வெடிப்பது மேல். சண்டையின் தடமே இல்லாத டாக்குமென்டை நான் நம்புவதில்லை. ஒருவர் எழுதி நால்வர் பெயர் போட்டது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த ஒருவர் யார் என்பதும் எங்கள் துறையில் அநேகமாக முன்னரே தீர்மானமான விஷயம். குழுவில் கோடிங் ஒரு பையனுக்குப் போகும். பைண்டிங் கடைக்கு வண்டி வைத்திருப்பவன் போவான். ஒருவன் பெயருக்கு இருப்பான். டாக்குமென்ட் மட்டும் 'இங்கிலீஷ் நல்லா வரும்' என்ற காரணம் சொல்லி ஒரு பெண்ணின் தலையில் விழும். பி.பி.டி.யும் அவளே போட வேண்டும். அவளுக்கு கோடிங் வராது என்பதில்லை. வருமா என்று யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கேமைப் பற்றிய முடிவுகள் பையன்களின் ஹாஸ்டல் அறையில் இரவு பதினோரு மணிக்கு எடுக்கப்படும். பெண்கள் விடுதியின் கதவு ஏழு மணிக்கே மூடிவிடும். காலையில் அவளுக்கு வாட்ஸாப்பில் ஒரு வரி வரும்: 'மச்சி, டிராகன தூக்கியாச்சு, டாக்குமென்ட்ல மாத்திரு.' ஏன் தூக்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் டாக்குமென்டிலும் இருக்காது.

டாக்குமென்டைக் கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னதற்கு எனக்கு ஒரு சுயநலக் காரணம் உண்டு. யார், எப்போது, எந்த வரியை எழுதினார், எதை அழித்தார் என்ற சரித்திரம் அதில் தானாகப் பதிவாகிவிடும். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு, ஒரே கணக்கிலிருந்து, ஒன்பது மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை ஒரு பெண் மாங்கு மாங்கென்று தட்டியதை அந்தச் சரித்திரத்தில் பார்த்திருக்கிறேன். நான்கு பேர் உள்ளே வந்ததற்கான ஒரே அடையாளம், அட்டைப்பக்கத்தில் தங்கள் இனிஷியலைத் திருத்தியது.

இதை மாற்ற, கணினியைத் திறப்பதற்கு முன்பே ஒரு வேலை கொடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு குழுவும் பல்லாங்குழிக்கு ஒரே பக்கத்தில் விதி எழுத வேண்டும். பலகையைப் பார்த்தே இராத ஒருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஆடத் தெரிய வேண்டும். சிரித்துக்கொண்டேதான் உட்கார்வார்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, ஆக மொத்தம் பதினான்கு. இதில் எழுத என்ன இருக்கிறது? பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் குரல் உயர்ந்திருக்கும்.

முதல் தகராறு, குழிக்கு எத்தனை முத்து என்பதிலேயே வரும். ஒரு வீட்டில் ஐந்து, இன்னொரு வீட்டில் ஆறு. அதைச் சமாதானமாகப் பேசித் தீர்த்துவிடுவார்கள். உண்மையான சண்டை பசுவில்தான். ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்துவிட்டால் அது பசு, அந்தக் குழிக்காரருக்குச் சொந்தம். இது எல்லாருக்கும் தெரியும். எப்போது எடுப்பது? எதிராளி முத்துப் போட்டுக்கொண்டே போகும்போது என் குழியில் நான்கு ஆகிவிட்டது, நான் கவனிக்கவில்லை. அவர் சுற்றி வந்து ஐந்தாவதைப் போட்டுவிட்டார். பசு போச்சா, இருக்கா?

"எங்க ஆச்சி வீட்ல கவனிக்கலன்னா போச்சுதான்" என்றாள் திருநெல்வேலிப் பெண்.

"எங்க அம்மிச்சி அப்படி ஆடாதுங்க. மறந்தாலும் கேட்டு வாங்கிக்கலாம்" என்றான் கோபிக்காரன்.

"உங்க அம்மிச்சி பேரன்னு விட்டுக்குடுத்திருக்கும்டா!"

அவள் சொன்னது வெறும் கிண்டலாக எனக்குப் படவில்லை. ஒரு விதி கவனத்துக்குப் பரிசு கொடுக்கிறது, மற்றது முத்துப் போடும் கணக்குக்குப் பரிசு கொடுக்கிறது. இரண்டும் வேறு வேறு ஆட்டம். எது வேண்டும் என்று முடிவெடுப்பதற்குப் பெயர்தான் கேம் டிசைன். அந்தப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திறக்காமலே அதற்குள் வந்துவிட்டார்கள்.

அடுத்த வகுப்பில் தாள்களைக் குழுக்களுக்குள் மாற்றிக் கொடுப்பேன். எழுதியவர்கள் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை, சென்னையில் ஃபிளாட்டில் வளர்ந்த, பலகையைத் தொட்டே பார்க்காத பெண்ணிடம் ஒரு தாள் போனது. 'முத்துகளை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும்' என்று இருந்தது. தன் வரிசையில் போட்டுக்கொண்டே போனாள். கடைசிக் குழி வந்ததும் எதிர்வரிசைக்குத் தாண்டவில்லை. தன் வரிசையிலேயே திரும்பி வந்தாள். தாளில் அவளைத் தடுக்க ஒரு சொல்கூட இல்லை. எழுதிய பையன்களில் ஒருவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நெளிந்தான். எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எடுத்த குழிக்கே திரும்ப வந்தால் அதிலும் ஒன்று போடுவதா, கடைசி முத்து விழுந்த இடத்துக்கு அடுத்த குழி காலியாக இருந்தால் அதற்கும் அடுத்ததில் இருப்பதை எடுப்பதா என்று சின்ன வயதிலிருந்து கை தானாகச் செய்வதை எல்லாம் தாளில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை எழுதி வந்த பக்கத்தை வைத்து அந்தச் சென்னைப் பெண் அவர்களையே ஜெயித்தாள்.

இத்தனைக்கும் ஆன செலவு ஒரு பலகையும் ஒரு பை புளியங்கொட்டையும்.

"இண்டஸ்ட்ரில யாரும் டாக்குமென்ட் எழுதறதில்ல மேம்" என்று விவரமான பையன்கள் சொல்வார்கள். அவர்களுக்கு 'டூம்' கதை தெரியும். அதைத் தயாரித்த இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டாம் ஹால் 1992-ன் கடைசியில் 'டூம் பைபிள்' என்ற பெயரில் கதை, பாத்திரங்கள், இடங்கள் என்று விரிவாக ஒரு டாக்குமென்ட் எழுதினார். அதன் பெரும்பகுதியைச் சகாக்கள் ஓரங்கட்டினார்கள். அவர் 1993-ல் நிறுவனத்தை விட்டே போனார். அதே ஆண்டு டிசம்பரில் 'டூம்' வெளிவந்து உலகத்தைக் கலக்கியது. ஆக, டாக்குமென்ட் தேவையில்லை, சரிதானே மேம்?

சரியில்லை தம்பி. 'டூம்' செய்தவர்கள் அதற்கு முன் 'கமாண்டர் கீன்', 'வுல்ஃபென்ஸ்டீன் 3டி' என்று அடுத்தடுத்துச் சேர்ந்து செய்த கைகள். ஒருவர் பாதி சொன்னால் மற்றவருக்கு மீதி புரியும். நீங்கள் போன மாதம் வகுப்பு ஆசிரியர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பிரித்த குழு. உங்களுக்குப் பொருத்தமான கதை 'ஹாஃப்-லைஃப்'. அது 1997-ன் இறுதியில் வந்திருக்க வேண்டியது. ஆடிப் பார்த்து, துண்டு துண்டாக நன்றாக இருக்கிறது, மொத்தமாகச் சேரவில்லை என்று வால்வ் நிறுவனத்தார் பெரும்பகுதியைத் தூக்கிப்போட்டார்கள். எல்லாம் தெரிந்த ஒரு டிசைனரைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆறு பேரை உட்காரவைத்தார்கள்: மூன்று புரோகிராமர்கள், ஒரு லெவல் டிசைனர், ஓர் எழுத்தாளர், ஓர் அனிமேட்டர். மாதக்கணக்கில் பேசி இருநூறு பக்கத்துக்கு மேல் எழுதினார்கள். சுவரில் பொத்தான் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. மொத்த டாக்குமென்டையும் கவனித்துக்கொள்ள ஒருவரைத் தனியாக வைத்தார்கள். 1998 நவம்பரில் கேம் வந்தது. அந்த அனுபவத்தை கென் பேர்ட்வெல் 1999-ல் கட்டுரையாக எழுதினார். என் மாணவர்களுக்கு நான் கட்டாயமாகக் கொடுக்கும் வாசிப்பு அது. அங்கேயும் பக்கம் இருநூறு. ஆனால் ஒரு பக்கம்கூட யூனிட்டியின் பெருமை மாதிரி நிரப்பியது இல்லை. படம் வரைகிறவரும் கோடிங் செய்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்பதுதான் முக்கியம். கொடியைத் தொட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த மேசையைத் தாண்டிப் போயிருக்காது.

எழுதியதை வேதமாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து டி.எம்.ஏ. டிசைன் நிறுவனம் 1995 மார்ச்சில் ஒரு டாக்குமென்ட் தயாரித்தது. கேமின் பெயர் 'ரேஸ் அண்ட் சேஸ்'. கார்ப் பந்தயம், மோதல், கொள்ளையனாகவோ போலீஸாகவோ ஆடலாம். செய்துகொண்டிருக்கும்போது போலீஸ் கார்கள் வெறிபிடித்ததுபோல் ஆட்டக்காரர்மேல் பாய்ந்து மோத ஆரம்பித்தன. அது கோளாறு. ஆடிப் பார்த்தவர்களுக்கோ அந்தக் கோளாறுதான் பிடித்துப்போனது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அந்தக் கேம் 1997-ல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்ற பெயரில் வந்தது. இன்று அந்தத் தொடரைத் தயாரிக்கும் ராக்ஸ்டாருக்குப் பெங்களூருவிலேயே ஸ்டூடியோ இருக்கிறது. நம் பல்கலைக்கழக விதிப்படி பார்த்தால் அந்தப் போலீஸ் கார் 'ரிப்போர்ட்டில் உள்ளதற்கு மாறாக' இருக்கிறது, மதிப்பெண் குறைத்திருப்போம்.

இன்னொரு விஷயம் மொழி. டாக்குமென்ட் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கடைசிக் காப்பி அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். முதல் காப்பியை எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அந்த மொழியில் எழுதட்டும் என்று விட்டுப் பார்த்தேன். மாந்தோப்பில் திருடப் போகும் சிறுவனைப் பற்றி ஒரு குழு கேம் செய்தது. ஆங்கிலக் காப்பியில் 'காவலரைத் தவிர்க்க வேண்டும்' என்ற பொருளில் ஒரே வரி. குழுவில் வாயே திறக்காத, நத்தம் பக்கத்து மாணவனிடம் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். அவன் எழுதியது:

'காவக்காரர் டார்ச் இந்தப் பக்கம் திரும்புனா மரத்துக்குப் பின்னாடி நிக்கணும். காஞ்ச எலைய மிதிச்சா சத்தம் கேட்டுத் திரும்புவார். ஈர எலைய மிதிச்சா கேக்காது, அதனால மழை பேஞ்ச அன்னைக்குப் போறது லேசு. ஆனா மழை அன்னைக்கு மரம் வழுக்கும். நாய்க்கு மோப்பம் உண்டு, டார்ச் வேணாம். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து நிக்கணும்.'

வெளிச்சம், சத்தம், வாசனை என்று மூன்று தனித்தனி ஆபத்து. மழை வந்தால் ஒன்று குறையும், ஒன்று கூடும். பெரிய ஸ்டூடியோக்கள் ஒளிந்து விளையாடும் கேம்களுக்கு உட்கார்ந்து வகுக்கும் விதிகள் இவை. அவன் சொந்த அனுபவத்தில் எழுதினானா என்று நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி அவனை அவ்வளவு நாள் மூலையில் உட்காரவைத்திருந்தது அந்தக் குழு.

சாட்ஜிபிடி வந்த பிறகு ஆங்கிலப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பார்கள். வாக்கியங்கள் மெருகேறியிருப்பது உண்மை. வேறு வேறு கேம் செய்யும் மூன்று குழுக்களின் டாக்குமென்டில் 'தேடு, சேகரி, மேம்படுத்து' என்று ஒரே ஆட்டச் சுழற்சி வருவதும் உண்மை. இதற்காக மென்பொருள்மேல் பாய எனக்கு விருப்பமில்லை. பக்கத்துக்கு மார்க் என்றால் பக்கத்தை வேகமாக நிரப்பும் கருவியைப் பிள்ளைகள் எடுக்கத்தான் செய்வார்கள். முன்பு விக்கிப்பீடியாவை எடுத்தார்கள். கொடி கதையை மட்டும் சாட்ஜிபிடி எழுதித் தராது, ஏனென்றால் அந்த ஐந்து பேர் பேசிக்கொள்ளாதது அதற்குத் தெரியாது.

நான் கேட்கும் பக்கங்கள் இரண்டு. ஒன்று முடிவுப் பக்கம். என்ன முடிவு, ஏன், யார் எதிர்த்தார்கள். 'டிராகன் நீக்கம். காரணம்: பறக்கும் அனிமேஷன் செய்ய ஆள் இல்லை. எதிர்ப்பு: (இருவர் பெயர்).' 'இரவுக் காட்சி நீக்கம். காரணம்: லேப்டாப் சூடாகி அணைந்துவிடுகிறது.' இப்படி எழுதி வாங்கினால் ஹாஸ்டல் அறையில் எடுத்த முடிவும் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு வந்துதான் ஆக வேண்டும். எதிர்ப்பு என்ற இடத்தில் ஓர் ஆளின் பெயர் எங்கேயும் வராவிட்டால் அவர் குழுவில் இல்லை என்று அர்த்தம். தனி மதிப்பெண் போட எனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்ததில்லை.

இன்னொன்று, செய்யப்போவதில்லை என்ற பட்டியல். நம் பிள்ளைகள் முதல் ரிவ்யூவில் திறந்த உலகம், மல்டிபிளேயர், பத்து லெவல் என்று வாக்குக் கொடுப்பார்கள். கடைசியில் பாதி லெவல் ஓடும். டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023-ல் வந்த 'வெண்பா' கேமை நான் வகுப்பில் ஆடிக் காட்டுவேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டில் விடுபட்டதை ஆட்டக்காரர் ஊகித்து இட்லியும் பிரியாணியும் செய்ய வேண்டும். சண்டை இல்லை, டிராகன் இல்லை. 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதல் பரிசையும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் அதுதான் வாங்கியது. குறிப்பேடு கிழிந்திருந்ததால் அங்கே விளையாட்டு பிறந்தது. உங்கள் டாக்குமென்டில் பக்கம் விடுபட்டால் கோடிங் செய்பவனுக்குத் தலைவலிதான் பிறக்கும் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். சிரித்துவிட்டு மறுநாளும் பத்து லெவல் எழுதிக்கொண்டு வருவார்கள். வயது அப்படி. அடித்துத் திருத்துவதுதான் கைடின் வேலை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஓர் ஆசிரியர் பத்துப் பன்னிரண்டு குழுவுக்குக் கைடாக இருக்கும் துறைகள் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நூறு பக்க ரிப்போர்ட்டுகளைப் பன்னிரண்டு வாங்கி, ஹார்டு பைண்டிங்கின் முதுகில் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டோர் ரூமில் அடுக்குவதற்கும் நேரம் ஆகத்தான் செய்கிறது. பிள்ளைகள் வீட்டுக் காசும் ஆகிறது. அந்த ரிப்போர்ட்டை வேலைக்கான இன்டர்வியூவுக்கு எடுத்துப்போன மாணவரை நான் பார்த்ததில்லை. மாந்தோப்புப் பையன் தன் ஒரு பக்கத்தை எடுத்துப் போனான்.

துறைத்தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த செமஸ்டருக்கான மதிப்பீட்டுத் தாளைத் தயாரிக்கும்போது 'பக்க அமைப்பு' என்ற கட்டத்தை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், 'இந்த டாக்குமென்டை வேறொரு குழு வாங்கிப் படித்து ஆடிப் பார்த்ததா?' என்று ஒரு கட்டம் போடுங்கள். அதற்குப் பத்து மதிப்பெண் கொடுங்கள், போதும். டாக்குமென்டை ஜனவரியிலேயே கேளுங்கள்.